பருத்திக்குன்றத்தில் ஒரு பகல்

காஞ்சி மாநகரம் என்றவுடன் வானளாவிய கோபுரங்களும் கண்ணைப் பறிக்கும் பட்டுச் சேலைகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி என்னும் இரு பகுதிகளைப் பலரும் அறிவர். மூன்றாவதாக ஒரு காஞ்சியும் உண்டு என்பதை அறிந்தவர் சிலரே. நகரின் தென்மேற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், வேகவதி ஆற்றங்கரையில் அமைந்துள்ள திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூரே அது. சமணர் வாழ்ந்து சிறந்த இடமாதலால் ஜினகாஞ்சி என்ற பெயரும் அதற்கு வழங்கலாயிற்று.

அண்மையில் உறவினர் இல்லத் திருமணத்திற்குப் பட்டெடுப்பதற்காகக் குடும்பத்தோடு காஞ்சிக்குப் புறப்பட்டோம். தாம்பரத்திற்குத் தெற்கே ஒரு புறநகரில் எங்கள் இல்லம் இருக்கிறது. கடற்கரை நிலையத்திலிருந்து வரும் மின்வண்டி செங்கற்பட்டைக் கடந்து, பாலூர், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சியை அடைகிறது. அன்று காலை எங்கள் நிலையத்து நடைமேடையில் எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் என் கால்கள் தாமாகவே மறுமுனையை நோக்கி நடந்தன. "ஏறுவதற்கு இங்கேயே இடமிருக்கிறதே! ஏன் இவ்வளவு தூரம் நடக்க வைக்கிறீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். நான் விடை கூறவில்லை. அந்த விடையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

காஞ்சியில் இறங்கியதும் மற்றவர்கள் கடைவீதிக்குச் சென்றனர். நூறு சேலைகளைப் பிரித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுமை எனக்கு இல்லை. நெடுநாளாகக் காண விரும்பிய பருத்திக்குன்றத்திற்கு ஓர் ஆட்டோவில் ஏறிச் சென்றேன்.

ஊரின் பெயர் மிகப் பழையது. பள்ளன்கோயிலில் கிடைத்த பல்லவர் செப்பேடுகள், சிம்மவிஷ்ணுவின் தந்தையான சிம்மவர்மன் பருத்திக்குன்றைச் சேர்ந்த வச்சிரநந்தி என்னும் சமண முனிவருக்கு அளித்த கொடையைக் கூறுகின்றன. இன்று பட்டு நெய்யும் ஊர்களின் நடுவே இருக்கும் இவ்வூர், தன் பெயரில் பருத்தியை இன்னும் சுமந்து நிற்பது எனக்கு இனிமையாகத் தோன்றிற்று.

இங்கே இரண்டு கோயில்கள் உள்ளன. சந்திரப்பிரபர் கோயில் சிறியது; பல்லவர் காலத்தது. மற்றது திரைலோக்கியநாதர் கோயில். அகன்ற மதிலுக்குள் கருவறைகளும் மண்டபங்களும் அமைந்து அது விரிந்து கிடக்கிறது. அங்குள்ள சங்கீத மண்டபத்தைக் கட்டுவித்தவன் விசயநகர அமைச்சனாகிய இருகப்பன். புஷ்பசேனர் என்னும் முனிவரின் மாணாக்கனாகிய அவன், 1387 ஆம் ஆண்டையொட்டி இப்பணியைச் செய்தான். கோயிலுக்குள் பழமையான குரா மரம் ஒன்று மேடையின் மீது நிற்கிறது.

பருத்திக்குன்றத்திற்குப் புகழ் தேடித் தந்தவை மண்டபத்து விதானத்து ஓவியங்களே. தலையை நிமிர்த்தியவாறே நடந்தால், சமண சமயத்தின் முதல் தீர்த்தங்கரராகிய ரிஷபதேவரின் வரலாறும், நேமிநாதரின் வரலாறும், அவருடைய உறவினராகச் சொல்லப்படும் கண்ணனின் கதைகளும், வர்த்தமானரின் வரலாறும் வரிசை வரிசையாகக் கண்ணெதிரே விரிகின்றன. படம் பார்ப்பவருக்குக் கதை விளங்கும்படி எழுத்துக் குறிப்புகளும் தீட்டப்பட்டிருக்கின்றன. டி. என். இராமச்சந்திரன் இக்கோயில்களை விரிவாக ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934 ஆம் ஆண்டில் வெளியிட்டது. காலத்தின் தாக்குதலால் வண்ணங்கள் பல இடங்களில் உதிர்ந்துவிட்டன. எஞ்சியிருப்பவையே நம்மை நெடுநேரம் நிறுத்தி வைக்கப் போதுமானவை.

ரிஷபதேவரைப் பற்றிச் சமணர் கூறும் ஒரு செய்தி என் மனத்தைத் தொட்டது. உழைத்துப் பிழைக்கும் வழி அறியாதிருந்த மக்களுக்கு அவரே ஆறு தொழில்களைக் கற்பித்தாராம். வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், கைத்தொழில் என்பவை அந்த ஆறு. மேசை முன் அமர்ந்து எழுதிப் பிழைத்த என் போன்றோர்க்கும் அந்தப் பட்டியலில் இடம் கிடைத்திருப்பதை எண்ணி மகிழ்ந்தேன். பிற சமயங்களில் காணப்படும் மெய்யையும் தூய்மையையும் மதிக்க வேண்டும் என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஆம் ஆண்டில் நமக்குக் கற்பித்த பாடமன்றோ!

சமணரிடையே மற்றோர் அழகிய வழக்கமும் உண்டு. ஆண்டுக்கொருமுறை, தம் நோன்பு நாட்களின் நிறைவில், அவர்கள் உற்றாரையும் அண்டை அயலாரையும் நாடிச் சென்று, தாம் அறிந்தும் அறியாமலும் செய்த தீங்குகளுக்கு மன்னிப்பு வேண்டுகின்றனர். அது நினைவிற்கு வந்தபோது, காலையில் நடைமேடையில் நின்ற முதியவரின் முகம் என் கண்முன் தோன்றிற்று. அதை ஒதுக்கிவிட்டுக் கோயிலை விட்டு வெளியே வந்தேன்.

திரும்பும் வழியில் ஒரு வீட்டிலிருந்து தறியின் ஓசை கேட்டது. வாயிலில் நின்று எட்டிப் பார்த்தேன். "வாருங்கள் சார், உள்ளே வந்து உட்காருங்கள்," என்றார் தறியில் அமர்ந்திருந்தவர். அவருக்கு என் வயதிருக்கலாம். தரையோடு தரையாக அமைந்த குழித்தறி. குழிக்குள் அவருடைய கால்கள் மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தன. சேலையின் உடல் அரக்குச் சிவப்பு, கரை பச்சை. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருப்பதால் இரண்டையும் நெய்யும்போதே கோத்துச் சேர்க்க வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவர் கையால் ஆகாது. ஆகவே அவருடைய மனைவி ஒரு பக்கத்தில் அமர்ந்து கரையின் நாடாவைத் தள்ளிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கணவனும் மனைவியும் ஒரு சொல்லும் பேசாமலே ஒரு தாளத்தில் உழைப்பதைப் பார்க்கும்போது, கொரிந்து நகரில் அக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் புனித பவுலடியாரோடு அமர்ந்து கூடாரத் தொழில் செய்த காட்சி என் நினைவிற்கு வந்தது.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருந்தது. அதிலிருந்து, துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று நூலால் கோக்கப்பட்டு மாலைபோல் தொங்கின. நாடா ஓடும் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை திரும்பி வந்து நிற்கும். துளை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. அவ்வளவே அந்த அட்டை அறிந்தது. ஆயினும் அந்த 'எழு', 'எழாதே' என்னும் இரு கட்டளைகளால் மயிலும் அன்னமும் யாளியும் பட்டிலே உயிர்பெறுகின்றன!

அந்த அட்டைகளைக் கண்டதும் என் கல்லூரிக் காலம் நினைவிற்கு வந்தது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து நெசவாளராகிய ஜோசப் மரி ஜக்கார்டு (1752–1834) இம்முறையை 1804 ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். அதைக் கண்டு, எண்களையும் இவ்வாறே அட்டைகளால் ஆளலாம் என்று எண்ணினார் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ். 1890 ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தினார். அந்த வழியில் வந்ததே கணிப்பொறி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 கணிப்பொறி 1973 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பொறியியல் மாணவனாக இருந்த நானும் துளையட்டைகளைக் கொண்டே கணிப்பொறியிடம் பேசக் கற்றேன். நிரலின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, விடைக்கு மறுநாள் வரை காத்திருப்போம். ஓர் எழுத்துப் பிழையானாலும் ஒரு நாள் வீணாகும்.

ஒரு மாலை, முந்நூறு அட்டைகளை ஏந்திக்கொண்டு மின்வண்டியிலிருந்து இறங்கும்போது கால் இடறிற்று. அட்டைகள் நடைமேடையெங்கும் சிதறின. கட்டின் மேல்விளிம்பில் சாய்வாக ஒரு கோடு கிழித்து வைத்தால், கலைந்தாலும் அக்கோட்டைக் கொண்டு வரிசைப்படுத்திவிடலாம் என்று விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. அன்றிரவு அந்த அண்ணனே என்னோடு விழித்திருந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்து அடுக்கிக் கொடுத்தார். "தம்பி, தவறியதைப்பற்றி வெட்கப்படாதே. உடனே வந்து சொன்னாயே, அதுதான் நல்லது. நாளைக்குச் சொல்லியிருந்தால் நாளை மறுநாளும் போயிருக்கும்," என்றார். அந்தப் பாடத்தைக் கல்லூரியில் கற்றேன், வாழ்க்கையில் மறந்தேன்.

நான் இவ்வாறு எண்ணிக்கொண்டிருக்கையில் தறியின் ஓசை நின்றது. நெசவாளர் குனிந்து கரையை உற்றுப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரல் வைத்துக் காட்டிய பின்னரே, மயில் ஒன்றின் கழுத்தில் ஓர் இழையளவு இடைவெளி இருப்பதைக் கண்டேன். மேலே பெட்டியிலிருந்து வரும் கயிறு ஒன்று அறுந்திருந்தது. நாற்பது வரிசைகளுக்கு முன்பே பிழை நேர்ந்திருக்கிறது.

"இது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் பார்த்துவிட்டேனே, சார்," என்றார்.

பிறகு அவரும் மனைவியும் நெய்ததைப் பிரிக்கத் தொடங்கினர். ஓர் ஊடை இழையை உருவ வேண்டும். ஓர் அட்டையைப் பின்னோக்கித் திருப்ப வேண்டும். மறுபடியும் ஓர் இழை, மறுபடியும் ஓர் அட்டை. பிழை எங்கே தொடங்கிற்றோ அவ்விடம் வரையில் வந்த வழியே திரும்பிப் போனாலன்றி அதைத் திருத்த முடியாதாம். அதன்மேல் எவ்வளவு அழகாக நெய்தாலும் அது அங்கேயே இருக்கும். ஒரு மணி நேரத்திற்கு மேல் சென்றது. அவருக்குச் சேலைக்கு இத்தனை என்றுதான் கூலி. செலவாகும் நேரத்திற்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. இடையே ஒரு பாவு நூல் அறுந்தது. அதை முடிச்சிட்டுச் சேர்த்தார். "பின்பக்கம் தடவினால் முடிச்சு கையில் தட்டும், சார். ஆனால் நூல் விடாது," என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1994 ஆம் ஆண்டு. நான் ஓர் அலுவலகத்தில் கணிப்பொறிப் பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர்க்கு அனுப்பும் பட்டியல்களைக் கணக்கிடும் நிரலை எழுதியவன் நான். ஒரு மாத இறுதியில் பட்டியல்கள் பலவற்றில் தொகை தவறாக வந்துவிட்டது. எண்களைத் தட்டச்சுச் செய்து உள்ளிடும் ஊழியரின் கவனக்குறைவே காரணம் என்று எல்லோரும் கருதினர். அன்றிரவு என் நிரலைச் சோதித்தேன். பிழை என்னுடையது; ஒரே ஒரு வரி. அதை எவரும் அறியாமல் திருத்தினேன். மறுநாள் விசாரணையில் வாய் திறவாதிருந்தேன். பதவி உயர்வுக்கு என் பெயர் பரிசீலனையில் இருந்த நேரம் அது. எனக்கு உயர்வு வந்தது. அந்த ஊழியருக்கோ அவ்வாண்டின் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது; கவனமற்றவர் என்று அவருடைய பணிப் பதிவேட்டில் எழுதப்பட்டது. நடைமேடையில் நின்ற முதியவர் அவரே.

அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெருக்கள் தள்ளி இருக்கிறது. புறநகர் வாழ்க்கை ஒளிந்துகொள்வதற்கு மிகவும் வசதியானது. காலையில் ஓடுகிறோம்; இரவில் திரும்புகிறோம்; கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஒரே நிலையத்தில் ஏறி இறங்கிய இருவர், முப்பது ஆண்டுகள் ஒருவரோடொருவர் பேசாமலே வாழ்ந்துவிட முடிந்தது. அவர் முன்பெட்டியில் ஏறினால் நான் பின்பெட்டியில் ஏறினேன். அவ்வளவுதான்.

இக்குற்றத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்லாமலில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே சொன்னேன். கேட்ட குருவானவர், "அவரிடம் சொன்னீர்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்வதாக வாக்களித்து வந்தேன். இறைவன் மன்னித்துவிட்டார், அதுவே போதும் என்று என் நெஞ்சிற்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் சென்று உறவாகும்படி ஆண்டவர் மலைப்பொழிவிலே கூறியது என் செவியில் ஏறவில்லை. பிழைக்கு மேலேயே நான் நெய்துகொண்டு போனேன்.

ஜக்கார்டு வாழ்ந்த லியோன் நகருக்கு அருகே தார்டிலி என்னும் சிற்றூரில் 1786 ஆம் ஆண்டில் பிறந்தவரே ஆர்ஸ் என்னும் ஊரின் பங்குக் குருவாகிய புனித ஜான் மரிய வியான்னி. அந்த மண் உலகிற்குத் துளையட்டையையும் தந்தது. நாள்தோறும் நெடுநேரம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து ஆன்மாக்களின் சிக்கலைப் பிரித்துக்கொடுத்த புனிதரையும் தந்தது. இன்று காஞ்சியில் சேலை வடிவங்களைக் கணிப்பொறியில் வரைகின்றனர். அட்டையே வேண்டாத மின்னணு ஜக்கார்டும் வந்துவிட்டது. தொழில்நுட்பம் மனிதனுக்குத் துணைவனாகவும் இருக்கும், பகைவன்போல் ஆகவும் கூடும் என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981 ஆம் ஆண்டில் உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் எச்சரித்தார். 2025 மே மாதத்தில் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, தொழிலாளர் நலன்பற்றி 1891 ஆம் ஆண்டில் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவையும், இன்றைய செயற்கை நுண்ணறிவையும் மனத்திற்கொண்டே அப்பெயரைத் தாம் ஏற்றதாகக் கூறினார். எந்தப் பொறியும் பிழை செய்யலாம். ஆனால் வருந்தவும், வந்த வழியே திரும்பவும் மனிதனால் மட்டுமே இயலும். என் கையிலிருந்த அந்த வரத்தை நான் முப்பது ஆண்டுகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தேன்.

மறுநாள் மாலை மூன்று தெருக்களையும் கடந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "வாருங்கள் சார்!" என்று வியப்போடு வரவேற்றார். அவருடைய மனைவி காப்பி கொண்டு வந்தார். அதை அருந்துவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உயர்வு நின்றது பெரிதில்லை, சார். அந்த ஆண்டு கடன் வாங்கிச் சமாளித்துவிட்டோம். கவனமில்லாதவன் என்று எழுதிவிட்டார்களே, அதுதான். என் மகன் கணக்கில் தவறும்போதெல்லாம் 'அப்பாவைப் போல' என்று வீட்டிலேயே கேலி செய்வான். நானும் சிரித்துக்கொள்வேன்," என்றார். சற்றுப் பொறுத்து, "இதை என் மகனிடம் சொல்வீர்களா?" என்று கேட்டார்.

வெளியூரில் இருக்கும் மகனைத் தொலைபேசியில் அழைத்தார். நடந்ததை நான் அவனுக்குச் சொன்னேன். மறுமுனையில் அவன் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்பாவிடம் கொடுங்கள்," என்றான். நான் எழுந்து வாயிற்புறம் சென்று நின்றேன். தந்தையும் மகனும் பேசியது இன்னதென்று எனக்குத் தெரியாது. பேசி முடித்து வெளியே வந்த பெரியவரின் கண்கள் கலங்கியிருந்தன. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. "காப்பி ஆறிவிட்டது, வேறு போடச் சொல்கிறேன்," என்றார்.

முப்பது ஆண்டுகளை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. முடிச்சு முடிச்சாகவே இருக்கும். தடவினால் கையில் தட்டும். ஆயினும் நூல் சேர்ந்துவிட்டது.

அன்பு வாசகர்களே, காஞ்சிக்குப் பட்டெடுக்கச் செல்லும்போது ஒரு மணி நேரத்தை ஒதுக்கிப் பருத்திக்குன்றத்திற்கும் சென்று வாருங்கள். விதானத்து ஓவியங்களைக் காணுங்கள். தறியோசை கேட்கும் வீட்டில் அனுமதி கேட்டுச் சிறிது நேரம் உட்காருங்கள். உங்கள் தெருவிலோ, அலுவலகத்திலோ, உடன்பிறந்தாரிடையிலோ நீங்கள் விலகி நடக்கும் ஒருவர் இருப்பாராயின், ஊர் திரும்பியதும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அடுத்த முறை நிலையத்தில் அவரைக் காணும்போது வேறு பெட்டியைத் தேடி நடக்க வேண்டியிராது.